டீப் ஃப்ரீசர் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!



காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் இதே பகுதியில் ஒரு சகோதரி, "மீன், தேங்காய், மாம்பழம் என்று வாங்குவது மிஞ்சிப் போகிறது. ஃப்ரிட்ஜில் இடம் போதவில்லை. தனியாக டீப் ஃப்ரீசர் வாங்கலாமா? எப்படிப்பட்டது வாங்குவது?" என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஏனென்றால் நான் இரண்டு தடவை ஃப்ரீசர் வாங்கியவள். முதலாவதால் என் மாமியாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. இரண்டாவதை இன்றைக்கு அவரேதான் துடைத்து வைக்கிறார்! நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயில் குளம் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் திருமேனியழகர் கோயில் இருக்கிற ஊர். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களுக்கு என்.ஐ.டி. இருக்கிற ஊர். கடல் கூப்பிடு தூரம்தான். மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை என்று சுற்றிலும் மீனவ கிராமங்கள். விடிந்தால் வாசலில் மீன்காரம்மாவின் குரல். இப்படி இருக்கிறவளுக்கு ஃப்ரீசர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மாமியாரும் அதைத்தான் கேட்டார். "கடலை வாசல்ல வச்சிக்கிட்டு மீனைப் பெட்டியில பூட்டி வைக்கணுமா? ஊர் சிரிக்கும்!"

காரணம் என் மகள். கல்யாணமாகிச் சென்னையில் திருவல்லிக்கேணியில் இருக்கிறாள். வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் "அம்மா, நம்ம ஊர் மீனு கொஞ்சம் கொடுத்து விடும்மா" என்பாள். ஆனால் அவள் வருவது தீபாவளி, பொங்கல், மாசி மகம் என்று நல்ல நாள் பார்த்துத்தான். மாசி மகத்தன்று சுவாமி கடலாட எழுந்தருளும்போது வீட்டில் மீன் வாசனையே கூடாது. மறுநாள் காலையில் பஸ். அதற்குள் நல்ல மீன் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெறுங்கையோடு மகளை அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே 2017-ல் ஒரு ஃப்ரீசர் வாங்கினோம். வாங்கினோம் என்பதைவிட வந்து சேர்ந்தது என்பதுதான் சரி. என்னவருக்குத் தெரிந்தவர் ஒருவர் ஐஸ்கிரீம் கடையை மூடினார். 300 லிட்டர் பெட்டி, மேலே வழுக்கித் திறக்கிற கண்ணாடி மூடி, விலை 9,000 ரூபாய். "புதுசு வாங்கினா இதைப் போல மூணு மடங்கு" என்று இவர் சொன்னதும் நானும் தலையாட்டிவிட்டேன். அதுதான் முதல் தப்பு.

கண்ணாடி மூடி எதற்கு? கடைக்கு வருகிறவர் கண்ணில் உள்ளே இருக்கிற சரக்கு பட வேண்டும் என்பதற்காக. நம் வீட்டில் யாருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது? தகர மூடிக்குள் கெட்டியாகப் பஞ்சு போல ஒரு பொருள் அடைத்திருப்பார்கள். அதுதான் வெளிச்சூட்டைத் தடுக்கும். கண்ணாடியில் அது கிடையாது. சித்திரை வெயிலில் எங்கள் பெட்டியின் மூடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். மோட்டார் நிற்காமல் உறுமும். ஒரு நாள் ராத்திரி மீட்டரைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே நேரம் பார்த்தேன். பெட்டி மட்டும் ஏறக்குறைய 3 யூனிட் சாப்பிட்டிருந்தது! போதாக்குறைக்கு 300 லிட்டரில் நாங்கள் நிரப்பியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி இடத்தில் காற்றைக் குளிர வைத்துக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் காசோடு போகிற நஷ்டம். பெரிய அடி 2018 நவம்பரில் விழுந்தது. கஜா புயலை டெல்டாக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. முதல் நாள் ராத்திரியே எங்களுக்குக் கரண்ட் போய்விட்டது. தீபாவளிக்கு வந்த மகளுக்குக் கொடுத்தது போக, கானாங்கெளுத்தியும் சங்கராவும் இறாலுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ பெட்டியில் இருந்தது.

அப்போது நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து "இன்னும் சில்லுன்னு இருக்கா" என்று தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்தார், அவருக்கும் திறந்து காட்டினேன். திறக்கத் திறக்க இருக்கிற குளிரும் போகிறது என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை ராத்திரி எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. (வேதாரண்யம் பக்கம் எங்கள் உறவுக்காரர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தார்கள். அதை நினைத்தால் நாங்கள் புண்ணியம் செய்தவர்கள்.) மேலே இருந்த இறால் நாறிவிட்டது. அதைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம். அடியில் இருந்த கானாங்கெளுத்தி ஐஸ் விட்டு இளகியிருந்ததே தவிர, நாற்றம் இல்லை. கை வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. "இதையும் கொட்டணுமா?" என்று மனசு வரவில்லை. திரும்பவும் பெட்டியைப் போட்டதும் ராத்திரிக்குள் கல்லாக இறுகிவிட்டது. அப்பாடா என்றிருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து அதைக் குழம்பு வைத்தேன். நன்றாகவே கொதிக்க வைத்தேன். மாமியாருக்குக் கானாங்கெளுத்தி என்றால் உயிர். இரண்டு துண்டு கூடப் போட்டுச் சாப்பிட்டார். எனக்கு அன்றைக்கு விரதம். இவர் வெளியூர். சாப்பிட்டு அரை மணி ஆகியிருக்காது. "என்னமோ முகமெல்லாம் எரியுதுடி" என்றார். பார்த்தால் முகமும் கழுத்தும் குங்குமம் பூசினாற்போலச் சிவந்துவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. எழுபதைத் தாண்டியவர்! ஆட்டோ பிடித்துக் காரைக்காலுக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அலர்ஜிக்குப் போடுகிற ஊசியைப் போட்டார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் சிவப்பு அடங்கியது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "என்ன மீன், எப்ப வாங்கினது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் விளக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தயவுசெய்து கவனியுங்கள்.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரியான மீன்கள் குளிரிலிருந்து வெளியே கிடந்தால், கிருமிகள் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடுமாம். ஒரு தடவை உண்டாகிவிட்டால் அப்புறம் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, திரும்ப உறைய வைத்தாலும் போகாது. மூக்குக்கும் தெரியாது. "நாறலைன்னா நல்ல மீன்னு நினைச்சுட்டீங்க. எல்லாரும் பண்ற தப்புதான்" என்றார். கிருமிகளைப் பற்றியும் ஒன்று சொன்னார். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது. தூங்கத்தான் வைக்கும். இளகியதும் அது எழுந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து மாமியார் ஒரே வார்த்தைதான் சொன்னார். "அந்தச் சவப்பெட்டியைத் தூக்கிப் போடு." 2,000 ரூபாய்க்குப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். அதன் பிறகு நாலு வருஷம் எங்கள் வீட்டில் ஃப்ரீசர் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. எனக்கும் வாய் திறக்கத் தைரியம் இல்லை.

மறுபடி அந்தப் பேச்சு வந்தது மகள் உண்டானபோது. பிரசவத்துக்கு 2023 மே மாதம் நாள் குறித்திருந்தார்கள். எங்கள் கடற்கரைப் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். (முன்பெல்லாம் 45 நாள்தான்.) மீன் முட்டையிடுகிற காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. சின்னப் படகுகள் கரையோரம் பிடித்து வருவது கொஞ்சம் கிடைக்கும், ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற மீன் வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பால்சுறாப் புட்டு, காரப்பொடிக் குழம்பு எல்லாம் அதற்காகத்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள், வாசலில் கடல், தட்டில் மீன் இல்லை என்றால்?

மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் "வாங்கு. ஆனா இந்த வாட்டி உன் புருஷன் பேச்சைக் கேட்காதே. நீ விசாரிச்சு வாங்கு" என்றார். விசாரித்தேன். நாலு கடை ஏறி இறங்கினேன். அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்குப் பதில் இனிமேல்தான் வருகிறது.

முதலில் கணக்கு. கடைக்காரர் லிட்டரில்தான் பேசுவார். நாம் கிலோவில் யோசிக்க வேண்டும். 61 நாள் என்றால் ஒன்பது வாரம் கிட்ட. வாரத்துக்கு இரண்டு நாள் மீன், ஒரு வேளைக்கு ஒரு கிலோ என்றால் 18 கிலோ. பொட்டலம் போட்டு அடுக்கும்போது இடையில் இடம் போகுமல்லவா? ஒரு கிலோவுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் வைத்துக்கொண்டால் 45 லிட்டர். தேங்காய், மாம்பழக் கூழ், பட்டாணி என்று மற்றதற்கு இன்னொரு பாதி. ஆக 100 லிட்டர் எங்களுக்குத் தாராளம். கடையில் இருந்த தம்பி விடவில்லை. "மேடம், இன்னும் 3,000 போட்டா 200 லிட்டரே எடுத்துக்கலாம் மேடம்" என்றார். "தம்பி, காலி இடத்துக்கும் நான்தாம்பா கரண்ட் பில் கட்டணும்" என்றேன். அந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே ஃபீஸ் கட்டியவள் அல்லவா நான்! பீரோ மாதிரி நின்றால் காலி இடத்தில் எதையாவது வாங்கி அடைக்கவும் தோன்றும். அடியில் போனது மறுபடி வெளிச்சம் பார்ப்பதே இல்லை.

அடுத்து வடிவம். பீரோ போல முன்பக்கம் கதவு வைத்தது ஒரு வகை, பெட்டி போல மேலே மூடி வைத்தது ஒரு வகை. கதவு வைத்ததில் தட்டு தட்டாக அடுக்கலாம், தேடி எடுக்கச் சுலபம், இடுப்பு வலி இருக்கிறவர்கள் குனிய வேண்டாம். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. கதவைத் திறந்ததும் அது காலடி வழியாகக் கொட்டிப் போய்விடும். பெட்டியைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி மாதிரி குளிர் உள்ளேயே தங்கும். கரண்ட் நிற்காத ஊரில் இருந்தால் நான் கதவு வைத்ததைத்தான் வாங்கியிருப்பேன். வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் புயல் பார்க்கிற ஊரில் பெட்டிதான். நிறைய அடைத்த நல்ல ஃப்ரீசர், திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் வரை குளிரைத் தாங்குமாம். பாதி நிறைந்தது என்றால் 24 மணி நேரம். மீன் குறைந்துபோன நாளில் நான் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்துக் காலி இடத்தில் அடுக்கிவிடுகிறேன். உறைந்து கிடந்து, கரண்ட் போகும்போது கைகொடுக்கும்.

மூடி தகர மூடியாக இருக்கட்டும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நட்சத்திரத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறோம். எரிசக்தித் திறன் பணியகம் 2006-ல் தொடங்கிய நட்சத்திர ஒட்டி ஒன்று இருக்கிறதே, அது கரண்ட் எவ்வளவு மிச்சம் என்பதற்கு. ஃப்ரீசர் கதவில் சின்னதாக அச்சிட்டிருக்கும் நட்சத்திரம் வேறு. அது எவ்வளவு குளிரும் என்பதற்கு. ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. நாலு நட்சத்திரம் இருந்தால் மைனஸ் 18-ஓடு, புதிதாக வைக்கிற பொருளையும் ஒழுங்காக உறைய வைக்கிற சக்தி உண்டு. மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் மைனஸ் 18 அவசியம். என் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல் அறை ஒரு நட்சத்திரம்தான் என்பதை இருபது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கவனித்தேன். அதில் வைத்த மீன் ஏன் சக்கையாகப் போயிற்று என்று அப்போதுதான் விளங்கியது. மெதுவாக உறைந்தால் மீனுக்குள் இருக்கிற நீர் பெரிய பெரிய ஐஸ் ஊசியாகித் தசையைக் கிழித்துவிடும். இளகும்போது சாறெல்லாம் ஒழுகிப் போகும். வேகமாக உறைந்தால் ஊசி சின்னது, சதை தப்பிக்கும்.

இதைக் கண்டு வியாபாரமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். 1912 வாக்கில் கனடாவின் லாப்ரடார் பக்கம் போனபோது, அங்கே பனிப் பிரதேசத்து மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் அந்தக் கணமே உறைவதையும், மாதம் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போலவே இருப்பதையும் பார்த்தாராம். நமக்கு அந்தக் குளிருக்கு எங்கே போவது? ஒரு காலத்தில் ஐஸே அங்கிருந்துதான் நமக்குக் கப்பலில் வந்தது. மகள் வீட்டுக்குப் போனால் மெரினா பக்கம் நடக்கப் போவோம். அங்கே இருக்கிற விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் அமெரிக்க ஐஸைச் சேர்த்து வைக்கக் கட்டிய கிடங்கு. அதனால்தான் இன்னமும் அந்த இடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். மரத்தூளில் பொதிந்து பாஸ்டனிலிருந்து வருமாம்! அந்த ஐஸ் துரைமார்களின் டம்ளருக்கு. நம் பாட்டிமார்களுக்கு உப்பும் வெயிலும்தான் ஃப்ரீசர். தடைக்காலம் என்ற பேரே இல்லாத நாளில்கூட எங்கள் மாமியார் வீட்டில் பரண் நிறையக் கருவாட்டுப் பானை இருக்குமாம்.

சரி, கடைக்கு வருவோம். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கிற தகட்டைப் படித்துப் பாருங்கள். அதில் எந்தத் தட்பவெப்பத்துக்குச் செய்தது என்று ஆங்கில எழுத்தில் குறித்திருப்பார்கள். 'டி' என்றிருந்தால் வெளியே 43 டிகிரி வரை தாங்கும். 'எஸ்டி' என்றால் 38. வெறும் 'என்' என்றால் 32 வரைதான். எங்கள் காரைக்கால் பக்கம் பிரான்ஸிலிருந்து திரும்பி வருகிற குடும்பங்கள் நிறைய. அப்படி வந்த ஒரு வீட்டில் அங்கே வாங்கிய அழகான ஃப்ரீசரைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். சித்திரையில் பாவம், ஐஸ்கட்டிகூட இறுகவில்லை. எல்லாரும் கரண்டைத் திட்டினார்கள். தகட்டைப் பார்த்தால் 'என்'!

எங்களுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் பலகை போட்டு, நடுக்கூடத்து மூலையில் வைத்தோம். அடுப்படியில் வைக்காதீர்கள், சூடு. கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தால் கீலும் திருகும் துருப்பிடித்து விடும். வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊரென்றால் ஸ்டெபிலைசர் அவசியம். நான் வாங்கிய 100 லிட்டர் பெட்டிக்கு 14,000 சொச்சம் ஆயிற்று. ஸ்டெபிலைசர் தனி. சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினேன். மீட்டர் பார்த்தேன், ஒரு நாளைக்கு யூனிட் ஒன்றைத் தாண்டவில்லை.

இனி நடந்த வேடிக்கை. பால்சுறாவுக்காக வாங்கிய பெட்டி. மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது மகள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். டாக்டர், "சுறா வேண்டாம்" என்றுவிட்டார்! சின்ன மீனைத் தின்று தின்று வளர்கிற பெரிய மீன்களின் உடம்பில் பாதரசம் சேருமாம். அதனால் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் பால் கொடுக்கிறவர்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது, சின்ன மீன் சாப்பிடலாம் என்றாராம். மாமியாருக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. "நாங்க பெத்ததெல்லாம் பிள்ளை இல்லியா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நானென்னமோ சொல்லிக் கொடுத்த மாதிரி. மூன்றாம் நாள் அவரே, "காரப்பொடியும் பாலுக்கு நல்லதுதான். அது சின்ன மீனுதானே?" என்றார். பிரச்னை தீர்ந்தது.

மீன்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது எந்தக் கடைக்காரரும் சொல்லாதது. "பெட்டியில வைக்கிறதுக்குன்னா மத்தியானம் மிஞ்சின மீனை வாங்காத தாயி. விடியக்காலம் வலையிலேந்து எடுத்த மீனா நானே கொண்டாறேன். வெயில் பட்ட மீனு பெட்டிக்குள்ள போனாலும் வெயில் பட்ட மீனுதான்." ஹிஸ்டமின் என்ற பெயர் தெரியாமலே டாக்டரம்மா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஃப்ரீசர் இருக்கிற தைரியத்தில் மலிவாகக் கிடைக்கிற மாலை மீனை அள்ளுகிறவர்கள் இதை யோசியுங்கள்.

18 கிலோவையும் ஒரே நாளில் உள்ளே தள்ளவில்லை. 100 லிட்டர் பெட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நாலு கிலோதான் புதிதாக வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் உறைய நேரமாகும், ஏற்கெனவே உறைந்ததும் இளகும். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஆறு நாளாகப் பிரித்து வைத்தேன். கழுவி, துண்டு போட்டு, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். உருண்டையாகக் கட்டாமல் தட்டையாகப் பரப்பிக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுக் கட்டினால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இறாலை மட்டும் டப்பாவில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தேன். காற்றுப் படாததால் காய்ந்து நாராகவில்லை. எல்லாவற்றிலும் மீன் பெயர், தேதி எழுதிய சீட்டு. எண்ணெய்ச் சத்துள்ள மத்தி, கானாங்கெளுத்தி இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் ருசி மாறிவிடும். கொடுவா, சங்கரா ஆறு மாதம் தாங்கும். எடுக்கும்போது முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். அங்கணத்தில் வைத்து வெளியே இளக விடுவதில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துருவிய தேங்காய் நன்றாக இருக்கிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா முடிந்து வீட்டில் குவிகிற மாம்பழத்தைக் கூழாக்கி வைத்தால் தை வரைக்கும் வருகிறது. உருளைக்கிழங்கு போட்ட குழம்பு மண் மாதிரி ஆகிவிட்டது. அவித்த முட்டை ரப்பர். தயிர் திரிந்து தண்ணீராகப் பிரிந்தது. வெள்ளரிக்காய், கீரை வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன உபாயம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்திருந்தால், காசைப் பார்த்தால் போதும். மேலேயே இருந்தால் கவலை இல்லை. கிண்ணத்தின் அடியில் கிடந்தால் எல்லாம் இளகி மறுபடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். மீனை முகர்ந்து பார்க்காதீர்கள், ருசி பார்க்காதீர்கள், அப்படியே குழியில் போடுங்கள். கரண்ட் போயிருக்கும்போதே பார்த்து, ஐஸ் துகள் இன்னும் மீனோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் உடனே சமைத்துவிடலாம், மறுபடி உறைய வைக்கவும் செய்யலாம்.

பேரன் மே மாதம் பிறந்தான். மகள் மூன்று மாதம் இருந்து காரப்பொடிக் குழம்பும் கொடுவாயும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு பொட்டலம் சுறாவை மட்டும் மாமியார் எனக்குத் தெரியாமல் மீன்காரம்மாவிடம் சொல்லி வாங்கி அடியில் வைத்திருந்தார். பேத்தியும் பிள்ளையும் சென்னைக்குப் பஸ் ஏறிய அன்று சாயங்காலம், "இப்ப டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே அதை எடுத்து எனக்கும் இவருக்குமாகப் புட்டு செய்தார். எடுக்கும் முன் கிண்ணத்துக் காசைப் பார்த்தாரா என்று கேட்கிறீர்களா? தினமும் காலையில் விபூதி பூசியதும் அவர் பார்க்கிற முதல் காசு அதுதான்!

தோழியரே, எனக்கும் ஒரு சந்தேகம். வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போட்டு எடுத்து உறைய வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் கறுத்துவிட்டது. கறுக்காமல் வைக்க வழி தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி,
திருவேட்டக்குடி, காரைக்கால்.